‘வடக்கன்’ என்பதற்கு நீ சொன்ன அர்த்தம்

இராஜபாளையம்,
ஐப்பசி 3.

அன்பு மகன் சிவபாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த குர்கான் தூசியில் நெஞ்சுச்சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஆண்டாளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அய்யனார் கோவில் பக்கம் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் வருகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் தைலம் தேய்க்கச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை. எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் ஆர்டர் அதிகம், ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் ஆரம்பித்தால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் துணி பேல் இறக்குகிற பிரதாப்பை உனக்குத் தெரியும். ஒடிசாக்காரன், நம் தெருக் கடைசி வீட்டில் பெண்டாட்டி சுமித்ராவோடு இருக்கிறான். ஆடித் தேருக்கு நீ லீவில் வந்தபோது அவனோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தாய், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கம்பெனியில் எல்லாரும் தன்னை வடக்கன், வடக்கன் என்று கூப்பிடுகிறார்களே, அப்படியென்றால் என்ன என்று அன்றைக்கு அவன் உன்னிடம் கேட்டிருக்கிறான். வடக்குத் திசையைக் காவல் காத்த வீரர்களுக்கு அந்தக் காலத்து ராஜாக்கள் கொடுத்த பட்டம் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதோடு விட்டாயா, அவன் தமிழ் எழுத்துப் பழகுகிறான் என்று தெரிந்ததும் அந்த வார்த்தையை அவன் போனில் டைப் பண்ணியும் கொடுத்திருக்கிறாய். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

போன மாதம் அவன் பழைய பைக் ஒன்று வாங்கினான். புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் ஸ்டிக்கர் கடைக்குப் போய் முன்பக்கம் பெரிய மஞ்சள் எழுத்தில் வடக்கன் என்று ஒட்டிக்கொண்டு, சுமித்ராவைப் பின்னால் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலுக்குக் கிளம்பிவிட்டான். அங்கே வண்டி நிறுத்துகிற இடத்தில் நாலைந்து பையன்கள் சூழ்ந்துகொண்டு வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதைத்தான் நீயும் பார்த்தாய். ‘ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க பாய்’ என்று ஒருத்தன் கேட்கிறான். இவன் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, ‘வ, ட, க், க, ன்’ என்கிறான். ‘அர்த்தம் தெரியுமாண்ணே?’ என்றால், ‘தெரியும். வடக்கு காக்கிற வீரன். சிவா பாய் சொன்னாரு’ என்கிறான். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், இவனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான். பக்கத்தில் நிற்கிற சுமித்ரா மட்டும் சிரிக்கவில்லை. நம் குடும்ப குரூப்பில் அது வந்ததும் நீ என்ன போட்டாய்? ‘நம்ம ட்ரெயினிங்’ என்று போட்டு, வரிசையாகச் சிரிக்கிற பொம்மை. உன் சித்தப்பா மக்கள் எல்லாரும் அதற்குக் கைதட்டினார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அதற்கு மறுநாளே நீ போன் பண்ணி, ஆபீஸில் எவனோ மீட்டிங்கில் உன்னை மதராசி என்று சொன்னதாகக் குமுறினாய். எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் இவர்களுக்கு நாம் மனுஷனாகத் தெரிய மாட்டோமா என்று கேட்டாய். எனக்கும் வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உனக்கு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. உன் அப்பாவிடம் சொன்னால், ‘வடக்க இருந்து வந்தவன் வடக்கன். தெசையத்தான சொல்லுதாங்க, இதுல என்ன தப்பு? விளையாட்டுக்கு எதுக்கு இம்புட்டு கோவப்படுத?’ என்கிறார். ‘மதராசியும் ஒரு ஊருப் பேருல இருந்து வந்ததுதான? அப்ப உங்க மகனுக்கு மட்டும் ஏன் பொத்துக்கிட்டு வருது?’ என்று கேட்டேன். பேப்பரை எடுத்து மூஞ்சியை மறைத்துக்கொண்டார். வார்த்தை எதிலிருந்து வந்தது என்று எல்லாரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

இப்படியே விட்டால் பிரதாப் ஊர் முழுக்க அந்த பைக்கில் சுற்றுவான் என்று அன்றைக்குச் சாயங்காலம் நானே அவன் வீட்டுக்குப் போனேன். நிலைப்படியில் நின்றுகொண்டு, ‘தம்பி, அது பட்டம் இல்லப்பா. வடக்க இருந்து வந்தவன்னுதான் அர்த்தம், ஆனா இங்க கேலியாத்தான் கூப்பிடுதாங்க. சிவா சொன்னது பொய்’ என்றேன். சுமித்ராதான் பேசினாள். அவளுக்குப் பேக்கிங் பெண்களோடு பழகி நம் பேச்சு நன்றாக வருகிறது. ‘எனக்கு கோயில்லயே தெரிஞ்சுபோச்சுக்கா. சொன்னா இவரு நம்பல. சிவா பாய் படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாருன்னு எங்கூட சண்ட போட்டாரு’ என்றாள். அவன் வெளியே போய் நகத்தாலேயே ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்தான். அது லேசில் வரவில்லை, பிய்ந்து பிய்ந்து வந்தது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டான். பொறவு குனிந்தபடியே, ‘எழுத்தாவது சரியா இருந்துச்சாக்கா?’ என்று கேட்டான். சரிதான் என்றேன். அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தான், வழக்கம்போல பேல் இறக்கினான். வாய் நிறைய அக்கா, அக்கா என்றவன் இப்போது என்னை மேடம் என்கிறான். எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறான். தமிழில் பேசுவதையே குறைத்துக்கொண்டான். கம்பெனிப் பையன்களை நான் சத்தம் போட்டேன், என் முன்னால் கூப்பிடுவதில்லை, அம்புட்டுதான். உன் பொய்யை நான் போய்த் திருத்தியது போதாது, சிவா. சொன்னவன் நீ. உனக்கு இந்தி தெரியும், அவனுக்கும் தெரியும். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஆரம்பிக்காதே. பொய் சொன்னேன் என்று சொல். அவன் திட்டினால் கேட்டுக்கொள். குரூப்பில் நீ போட்டதையும் எடுத்துவிட்டு, ஏன் எடுத்தாய் என்று உன் சித்தப்பா மக்களுக்கும் சொல்.

கோபத்தில் எழுதினாலும் உன்னை நினைக்காமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. வேளைக்குச் சாப்பிடு, வெளித்தண்ணீர் குடிக்காதே. உன்னை மதராசி என்றவனிடம் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல், பயப்படாதே. பெருமாள் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். பிரதாப் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவனிடம் பேசிவிட்டு எனக்குப் போன் போடு. அவன் எடுக்கவில்லை என்றால் மறுபடியும் போடு, எடுக்கிற வரைக்கும் போடு.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா,
யோகேஸ்வரி.