நம் ஹாலில் கெட்டவர் யாரும் இல்லை

அன்புள்ள அப்பா,

நேற்று வீட்டில் நடந்ததை மறைக்காமல், கூட்டாமல் எழுதப்போகிறேன். அழகாக எழுதலாமே என்று தோன்றும் இடத்திலும் உண்மையைத்தான் எழுதுவேன்.

நீங்கள் வாசித்துக் காட்டிய அந்தப் பழைய நாவலில் ஒரு காட்சி வருமே. கணவன் இறந்தபின் சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் இனி எங்கே இருக்க வேண்டும் என்று பேசுவார்கள். அவளுடைய அண்ணன் பேசும் இடத்தில் நீங்கள் தொண்டையைச் செருமிச் செருமி வாசித்தீர்கள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "போதும், எங்கண்ணன் வந்து உக்காந்த மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள். எனக்கு மட்டும் கோபம். அந்தக் கூட்டத்தில் யார் கெட்டவர் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன்.

அந்தக் காட்சி நேற்று நம் ஹாலில் நடந்தது.

அதற்கு முன் ஒரு செய்தி. நீங்கள் இல்லாததால் அம்மாவுக்கு வேலை தர வழி உண்டு என்று உங்கள் ஆபீஸில் சொன்னார்கள். கிடைத்தால் டெல்லியிலேயே இருக்கலாம், நானும் இதே பள்ளியில் படிக்கலாம். அதை விசாரிக்க அம்மா முதல்முறையாகத் தனியாக மெட்ரோவில் போய்வந்தாள். "லிஃப்ட்டுலகூட நானே பட்டனை அமுக்கினேன்டி" என்றாள். நீங்கள் போனபிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

நேற்று திருச்சியிலிருந்து பெரிய மாமா வந்தார். இங்கே டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து அத்தையும் வந்தாள்.

"இந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா? மீசையே வெறைச்சுப்போச்சு" என்று மாமா ஆரம்பித்தார். "வசந்தி, நம்ம வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. வந்துடும்மா."

"அவர் ஆபீஸ்ல வேலை..." என்று அம்மா தொடங்கினாள்.

"அது எப்போ வருமோ அண்ணி" என்றாள் அத்தை. "வயசுப் பொண்ணத் தனியா விட்டுட்டு டியூட்டிக்குப் போவீங்களா? ஜமானா டீக் நஹீ, காலம் சரியில்ல. எனக்கும் பிபி, நெனச்சா ஓடி வர முடியுமா?"

நான் சமையலறை வாசலில் நின்று, "மாமா, அம்மா வேலைக்குப் போகட்டும். நான் இருந்துப்பேன்" என்றேன். மாமா திட்டவில்லை. "கெட்டிக்காரி. அப்படியே அப்பன் பேச்சு" என்று சொல்லி அழுதுவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள் அத்தை. நான் கொண்டுவந்தபோது என் பேச்சை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

அம்மா மாமாவிடமிருந்து காலி டம்ளரை வாங்கினாள். பிறகு, "மாடிக்குத் தண்ணி ஏறுமாண்ணே?" என்று கேட்டாள்.

"மோட்டார் போட்டா கொட்டும்மா" என்றார் மாமா. அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் அப்பா.

நான் நாவலில் தேடிய கெட்டவர் நம் ஹாலில் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகப் பேசுகிறவர்களிடம் என்ன சொல்வது? அந்த நாவலை எழுதியவருக்காவது தெரிந்திருக்குமா?

என் பரீட்சை முடிந்ததும் திருச்சிக்குக் கிளம்புகிறோம். வேலையைப் பற்றி அம்மா அப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏன் சரியென்றாய் என்று அவளை நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் ஏதோ எழுத இருந்தது. அம்மா வந்து லைட்டை அணைத்துவிட்டாள்.

அம்மாவோடு போகிற,
உங்கள் மகள்