நாட்கல்லைக் கிளப்பச் சொன்னார்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு

கட்டட அனுமதிக் கந்தோரிலிருந்து இன்றைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தார். என் சாப்பாட்டுக்கடை கட்டப்போகும் வெறுங்காணியை அவர் அளந்துவிட்டுப் போனால் அனுமதி வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். இப்போதிருக்கும் வாடகைக் கடையைத் தைப்பொங்கலுக்கு முன் விடவேண்டும்.

அவர் கண்ணில் முதலில் பட்டது, போன கிழமை நல்ல நேரம் பார்த்து கட்டடத்தின் முதற்கல்லாக மூலையில் நாங்கள் வைத்த நாட்கல்தான். பூக்கூட இன்னும் முழுதாக வாடவில்லை.

"அனுமதி இல்லாமல் வேலை தொடங்கிட்டீங்களோ அம்மா?"

"இல்லை ஐயா, கல்லு மட்டுந்தான் வைச்சனாங்கள். இதை விட்டா தை வரைக்கும் நல்ல நாள் இல்லையாம்."

அவர் கல்லைச் சுற்றியிருந்த சீமெந்தைக் காலால் தட்டினார். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம்.

"பயப்பிடாதேங்கோ ஐயா, தண்ணி ஊத்தினாலும் அது மாடியா வளராது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. படம் எடுத்தார், எழுதினார். "கல்லைக் கிளப்பிப்போட்டு, கிளப்பினதா ஒரு கடிதத்தோட வாங்கோ. பிறகுதான் மிச்சக் கதை."

"வைச்ச நாட்கல்லைக் கிளப்ப என்னால ஏலாது. வேணுமெண்டா நீயே கிளப்பு" என்று என் மனுசன் சொல்லிவிட்டார். கல்லை வைத்துத் தந்த லிங்கநகர் மேசனும் போனில் அதையே சொன்னார்.

விடிய அலவாங்குக் கம்பியோடு நான்தான் போகவேண்டும். கிளப்புவதற்கும் நல்ல நேரம் இருக்கிறதா என்று கோயில் ஐயரிடம் கேட்போமா என்றேன் மனுசனிடம்.

அவரும் சிரிக்கவில்லை.