நாலு பர்னர் அடுப்பு வந்த வருஷம்

9-2-1984, வியாழன்

கேஸ் ஏஜென்சியிலிருந்து கார்டு வந்திருக்கிறது. எழுதிக் கொடுத்து நாலரை வருஷம் ஆகிறது. எழுதிக் கொடுத்ததையே மறந்திருந்தேன். ஒரு மாதத்துக்குள் அடுப்பு வாங்கித் தயாராக இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மதியம் சாப்பிட வந்தபோது மனைவி தங்கத்திடம் காட்டினேன். அவள் முதலில் சொன்னது, "கேஸா? அது வெடிக்குமாமே."

"உன் இருமல் அளவுக்கு வெடிக்காது" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நாளாக அவள் சிரிப்பு இப்படித்தான் முடிகிறது.

14-2-1984, செவ்வாய்

தங்கத்தை வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வீட்ல விறகு அடுப்பா?"

"ஆமாங்க."

"எத்தனை வருஷமா அடுப்பங்கரையில இருக்கீங்க?"

"எட்டு வயசுலேர்ந்து" என்றாள் தங்கம், பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்வதுபோல்.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "மருந்து நான் குடுப்பேன். புகை நிக்கலன்னா என் மருந்து வெறும் தண்ணி. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னாடி நிறுத்திடுங்க. அதுக்கப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

வேர்க்கடலை மண்டிக்காரன் நான்; மல்லாட்டை மூட்டைக்குள் கையை விட்டால் ஈரம் எவ்வளவு, பருப்பில்லாத பொக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்றிய விவசாயி இந்தத் தாலுகாவில் இல்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினவளின் நெஞ்சுக்குள் இவ்வளவு கரி இருப்பது எனக்குத் தெரியவில்லை.

19-2-1984, ஞாயிறு

எந்த அடுப்பு? இதுதான் இப்போது யோசனை.

ரைஸ் மில் கண்ணாயிரம் வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பு. போன வருஷம் வாங்கினான். ஊரையே கூப்பிட்டுக் காட்டினான். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகள் சந்திரகலா மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறாள். "குக்கிங் ரேஞ்ச்" என்று பெயர். அடுப்பும் பீரோவும் சேர்ந்த மாதிரி இருக்கிறது. மேலே நாலு பர்னர், கீழே கதவு வைத்த ஓவன். "நைனா, இதுல கேக் செய்யலாம்" என்கிறாள்.

மறைப்பானேன், எனக்கும் ஆசை இருக்கிறது. கண்ணாயிரத்துக்கு இரண்டு என்றால் எனக்கு நாலு. கூடையில் மல்லாட்டை அவித்து விற்றவன் நான். எனக்கு இது கூடாதா?

தங்கத்தையும் மெட்ராஸுக்கு வரச்சொன்னேன். "எனக்கு இன்னா தெரியும்? நீங்களே பாத்து வாங்கிக்கினு வாங்க" என்றாள்.

27-2-1984, திங்கள்

மெட்ராஸ். மவுண்ட் ரோடு கடை.

வெறுங்கையோடு போகவில்லை. வீட்டு இட்லிக் குண்டான், தோசைக்கல், முறுக்கு வாணலி மூன்றையும் சாக்குப்பையில் கட்டி எடுத்துப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா பெரியவரே, ஓட்டல் வைக்கப் போறீங்களா?" என்றான். கடையில் டை கட்டின பையன் பையைப் பார்த்துவிட்டு, பழைய பாத்திரம் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டான்! அடுப்பில் வைத்துப் பார்க்கத்தான் கொண்டுவந்தேன் என்பது பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

முதலில் காட்டினது வெளிநாட்டுச் சரக்கு. மேலே கேஸ், கீழே ஓவன் கரண்டில். பளபளப்பு கண்ணைப் பறித்தது. எங்கள் பேகோபுரத் தெருவில் ஆறு மணிக்கு மேல் பல்பே சிவந்து போகிறது, இதில் ஓவன் எங்கே சூடாகும்? வேண்டாம் என்றேன்.

அடுத்தது பம்பாய்ச் சரக்கு, எல்லாம் கேஸ். குண்டானை ஒரு பர்னரிலும் வாணலியைப் பக்கத்து பர்னரிலும் வைத்தேன். இரண்டும் முட்டிக்கொண்டன. தள்ளினேன். மூன்றாவதில் இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. பர்னரைக் கழற்றிக் கையில் எடைபார்த்தேன். முழுப் பித்தளையா, மேல்பூச்சா என்று நகத்தால் சுரண்டினேன்.

"சார், சுரண்டாதீங்க சார்."

"தம்பி, கொட்டையை உரிச்சுப் பாக்காம வாங்கறவன் இல்ல நான்."

கடைசியில் கேட்டான்: "வீட்ல அம்மா என்ன உயரம் சார்? அடியில கால் இருக்கு. ஏத்தி இறக்கிக்கலாம்."

கையைத் தோள் பக்கமாக உயர்த்திக் காட்டினேன். "நடு உயரம்னு போட்டுக்கோ."

மூன்றாவதையே முடித்தேன்.

10-3-1984, சனி

அடுப்பு லாரியில் வந்தது. நிலைப்படியில் ஒரு விரற்கடைகூட இடிக்காமல் நுழைந்தது. முன்னாலேயே நூல் பிடித்து அளந்துவைத்திருந்தேன். தெருவே வாசலில் நின்றது. கண்ணாயிரம் வந்து பார்த்து, "ஏன் மாமா, இதுல படுத்துத் தூங்கலாம் போல கீதே" என்றான். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

12-3-1984, திங்கள்

மெக்கானிக் வந்து இணைப்புக் கொடுத்தார். தங்கம் பால் காய்ச்சினாள். நின்றுகொண்டே பொங்க வைத்து, நின்றுகொண்டே எல்லோருக்கும் ஊற்றினாள். பார்க்க நன்றாக இருந்தது, சினிமாவில் வருகிற மாதிரி.

17-3-1984, சனி

பௌர்ணமி. மலை சுற்றி வந்தேன். தங்கத்தைக் கூப்பிட்டேன். "அடுப்பங்கரை வேலை கீது, நீங்க போங்க." ஏழெட்டு வருஷமாக இதே பதில்.

அவள் புடவையில் இன்னும் புகை வாசனை. பழைய வாசனை போக நாளாகும் போலிருக்கிறது.

26-3-1984, திங்கள்

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் பதினோரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினேன். பின்கட்டிலிருந்து புகை. நெருப்புப் பிடித்துவிட்டதென்று ஓடினேன்.

கிணற்றடியில் மூன்று கல். சுள்ளி. மேலே குழம்புச் சட்டி. தங்கம் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டு, ஊதலுக்கு ஊதல் இருமிக்கொண்டு. உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்பு துடைத்து வைத்தபடி மின்னுகிறது. விருந்தாளி மாதிரி.

பதினாலு நாள்! பதினாலு நாளா என்னை ஏமாத்தி இருக்கா. காலையில காபி மட்டும் அதுல. நான் அந்தாண்ட போனதும் கிணத்தடி.

வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். சாகணும்னா கிணறு பக்கத்துலதானே கீது என்றுகூடச் சொன்னேன். அதை எழுதவே கை கூசுகிறது. அவள் சட்டியை இறக்கிவைத்தாள்.

27-3-1984, செவ்வாய்

காலையில் கேட்டேன். "ஏன் தங்கம்? பயமா? வாசனை பிடிக்கலையா?"

"பயமும் இல்ல ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இன்னா?"

"ஒரு நாள் மண்டியில நீங்க நின்னுக்கினு யாவாரம் பண்ணிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அவ்வளவுதான். சந்திரகலா புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

28-3-1984, புதன்

நின்றேன். இது என்ன பெரிய காரியம் என்றுதான் நின்றேன்.

ஏழு மணிக்கு, நான் சாய்ந்துகொள்கிற திண்டை எடுத்துப் பரணில் போடச்சொன்னேன். எட்டு மணிக்குக் கீழ்பென்னாத்தூர் வண்டிகள் வந்தன. எப்போதும் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இடக்கையால் சரக்கைப் பார்த்து வலக்கையால் சீட்டு எழுதுகிறவன் நிற்பதைப் பார்த்து விவசாயிகள் திகைத்துப்போனார்கள். ஒரு பெரியவர் காதோரம் வந்து, "மூலமா மொதலாளி? துத்தி இலையை வதக்கிக் கட்டுங்க" என்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம்.

பத்து மணிக்குக் கெண்டைக்கால் பிடித்தது. பதினொன்றுக்கு ஒரு மூட்டையை விலை கூட்டிச் சொல்லிவிட்டேன். இந்தப் பத்து வருஷத்தில் நடக்காத காரியம். பன்னிரண்டுக்குத் திண்டு இறங்கிவிட்டது.

எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. அவளுக்கு?

29-3-1984, வியாழன்

பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "தோத்துட்டேன். சொல்லு" என்றேன்.

இடது காலில் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். முட்டி வலதைவிட ஒன்றரைப் பங்கு இருக்கிறது. பத்து நிமிஷம் நின்றால் உள்ளே முள் வைத்துத் தைப்பதுபோல் இருக்குமாம். தொங்கப்போட்டாலும் வீங்குமாம். நீட்டி உட்கார்ந்தால் வலியில்லை.

"எப்போலேர்ந்து?"

"கீழ்பென்னாத்தூர் சந்தையிலேர்ந்து."

அறுபத்தொன்பதாம் வருஷம். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத காலம். நான் வண்டிமேல் நின்று மூட்டையைத் தள்ள, அவள் கீழே முதுகில் வாங்குவாள். பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்தாள். மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவினார்கள். நாலாம் நாள் எழுந்து அடுப்பு மூட்டினாள். சரியாகிவிட்டது என்று நான் முடித்துக்கொண்டேன்.

மலை சுற்ற வராததும் இதனால்தான். நான் கேட்கவில்லை. பதில் கையில் இருந்ததே, அடுப்பங்கரை வேலை என்று.

"ஏன் சொல்லல?"

"ஊரைக் கூட்டிக் காட்டிக்கினு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

நிலைப்படியை அளந்தேன். குண்டானை அளந்தேன். பர்னரை எடைபோட்டேன். சமைக்கிறவள் உட்கார்ந்து சமைக்கிறவள் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் சாப்பிட வரும்போது சமையல் முடிந்திருக்கும்.

1-4-1984, ஞாயிறு

உயர ஸ்டூல் வாங்கிப் போட்டேன். கால் தொங்குகிறது, அரைமணியில் வீக்கம். அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பர்னர் வாங்கித் தரையில் வைக்கலாமா என்று மெக்கானிக்கைக் கேட்டேன். "சிலிண்டர் தலைக்கு மேலதான் அடுப்பு இருக்கணும் சார். தரையில வச்சா இணைப்பே கிடையாது." சிலிண்டரைக் குழி தோண்டி இறக்கினால்? "குழியில கேஸ் தங்கும். வீட்டோட போயிடுவீங்க" என்றார்.

அடுப்பு இறங்காது. அவள் நிற்க மாட்டாள்.

கிணற்றடியில் இன்றும் புகை. நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் ஊதினேன். கண் எரிந்தது. இதைத்தான் எட்டு வயதிலிருந்து.

3-4-1984, செவ்வாய்

மண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு விவசாயி முன்னால் நின்று பேசினார். அவர் இடுப்பு உயரத்தில் என் மேடை. இடப்பக்கம் தராசு, வலப்பக்கம் பெட்டி. எழுந்திருக்காமலே எல்லாம் கைக்கு எட்டுகிறது. கால் நீட்ட இடம் இருக்கிறது.

அடச்சீ! பத்து வருஷமாக இதன்மேல்தானே உட்கார்ந்திருக்கிறேன்!

உடனே ஆசாரி இருசப்பனுக்கு ஆள் அனுப்பினேன். "இதே மாதிரி ஒண்ணு, என் வீட்டு அடுப்பங்கரையில" என்றேன்.

"வீட்லயும் கடை போடறீங்களா மொதலாளி?"

"ஆமா. மொதலாளி வேற."

வந்து பார்த்துவிட்டு இருசப்பன் தலையைச் சொறிந்தான். மேடை போட்டால் ஓவன் கதவு திறக்காது. அந்த ஓவனுக்காகத்தான் பாதி விலை. சந்திரகலாவைப் பார்த்தேன். போன வாரம் அவள் செய்த ஒரே கேக் அடி தீய்ந்து, மேலே மாவாக இருந்தது. "மூடிடுங்க நைனா" என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள்.

"மேடை என்ன உயரம்?" என்றான் இருசப்பன். மறுபடியும் அதே கேள்வி. இந்த முறை கையைத் தூக்கிக் காட்டவில்லை. தங்கத்தைக் கிணற்றடி அடுப்பின் முன்னால் உட்காரச்சொல்லி, தரையிலிருந்து அவள் முழங்கைவரை என் கையாலேயே அளந்தேன். ஒரு சாண்; அடுப்பு உயரத்தில் அது போக மீதிதான் மேடை. நீட்டின கால் நாலு சாண். ஆசாரி எதிரில் அவளுக்கு வெட்கம். "சீ, விடுங்க" என்றாள். இரண்டு முறை அளந்துதான் விட்டேன்.

8-4-1984, ஞாயிறு

மேடை தயார். வேங்கை மரம். ஏற இரண்டு படி, பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. சிலிண்டர் அந்தப் பக்கம் தரையில், மூடுகிற திருகு அவள் கைக்கு எட்டும்படி. மெக்கானிக் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளச் சொன்னார், வேறு குறை சொல்லவில்லை.

தங்கம் ஏறி, இடது காலை நீட்டி, வலது காலை மடித்து உட்கார்ந்தாள். நாலு பர்னரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "திண்டு இல்லியா?" என்றாள்.

மண்டியிலிருந்து என்னுடையதை எடுத்து வந்து கொடுத்தேன்.

9-4-1984, திங்கள்

கிணற்றடிக் கற்களைத் துளசிமாடத்துக்குப் படியாகப் போட்டுவிட்டேன்.

20-6-1984, புதன்

கண்ணாயிரம் வந்து பார்த்து, ஓவனைத் திறக்க முடியாதபடி பலகை அடித்த ஒரே ஆள் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்கிறானாம். சொல்லட்டும். நேற்று அவன் பெண்டாட்டி வந்து மேடையைச் சாணால் அளந்துகொண்டு போனாள்.

14-10-1984, ஞாயிறு

மூன்று நாளாக மழை. மலை தெரியவில்லை.

காலையில் தோசை. முன்பெல்லாம் கூடத்தில் இலை போட்டுக் காத்திருப்பேன். இப்போது சூடாகக் கிடைக்கிறதென்று தட்டை எடுத்துக்கொண்டு மேடை ஓரமாகவே போய் நின்றுவிடுகிறேன். முகம் பார்த்துப் பேச இப்போது குனிய வேண்டியதில்லை. சந்திரகலா முன்னால் நின்றாள், நான் பின்னால். ஒரு பர்னரில் தோசை, ஒன்றில் சாம்பார், ஒன்றில் வெந்நீர். திண்டில் சாய்ந்தபடி தங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தட்டை நீட்டினேன்.

"வரிசையில வாங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டு வாங்க" என்றாள், மண்டியில் நான் சொல்கிற மாதிரியே.

"எங்க ஊர்ச் சரக்கு மொதலாளி, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றேன்.

தங்கம் சிரித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பழக்கத்தில் நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேவைப்படவில்லை. சிரித்து முடித்துவிட்டு அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.