கதீஜா கிளிமீன் விஷயமாக

பிடோக்,
வியாழக்கிழமை

அன்பு மகன் ஸைஃபுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை நீ கணக்கில் சேர்க்க வேண்டாம். நீயும் அங்கே பெர்த்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, தொழுகையை விடாமல் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். செவ்வாய்க்கிழமை போனில், நீ எழுதிய மீன் ஆராய்ச்சிக் கட்டுரையை எங்கேயும் அனுப்பாதே, காரணத்தை எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ பயந்துபோய் உன் தங்கையைக் கூப்பிட்டு அத்தாவுக்கு நெஞ்சுவலியா என்று கேட்டாயாம். நெஞ்சுவலி எல்லாம் ஒன்றுமில்லை. விஷயம் மஞ்சள் தூள். ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய், நம் வீட்டில் போன் என்றால் லவுட் ஸ்பீக்கர்தானே, நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான்கு வார்த்தை திருத்துவாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் அஸ்மத் மாமி முதலில் படித்துவிட்டு உனக்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிடுவாள். அதனால்தான் இத்தனை வயதில் பேனாவைத் தேடி எடுத்தேன். அந்தக் கட்டுரை வெளியே போனால் உன் மானம் போகும், போகாவிட்டால் உன் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை போகும், இதுதான் சிக்கல். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு, பாதியிலே ஆரம்பிக்காதே.

மீன் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். பெருநாள் கழிந்து ஒரு சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் நம் மீன்காரர் வடிவேலு கடை முன்னால் நிற்கிறேன். பலகையில் ஒரு கிளிமீன் கிடந்தது, வழக்கமான பச்சையும் இல்லை நீலமும் இல்லை, வாலில் பிறை மாதிரி ஒரு கோடு. அங்கே தொங்கும் சிவப்பு விளக்கில் எந்த மீனும் கல்யாணப் பெண் மாதிரித்தான் தெரியும், அதனால் நிறத்தை நான் கவனிக்கவில்லை. மீன் ஆணம் காய்ச்ச ஆகுமா என்று உன் அம்மாவிடம் கேட்கத்தான் படம் எடுத்தேன், கை தவறிக் குடும்ப குரூப்பில் விழுந்துவிட்டது. அடுத்த நிமிஷமே நீ கூப்பிட்டு, அத்தா அந்த மீனை விடாதீங்க, வெட்டவே வெட்டாதீங்க என்று கத்துகிறாய், இங்கே வடிவேலு செவுளைப் பிடித்துக் கத்தியை ஓங்கியாயிற்று. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடையில் கோழி வாங்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா பையைக் கீழே போட்டுவிட்டார். வடிவேலு கத்தியை இறக்கிவிட்டு, என்ன அண்ணே, மீனோட சொந்தக்காரங்க போன் பண்ணிட்டாங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல. செதிலும் உரிக்காமல், குடலும் எடுக்காமல் ஒரு மீனைப் பையில் போட்டுக் கொடுத்தது தன் தொழிலுக்கே அவமானம் என்று அவர் இன்றைக்கும் முறைக்கிறார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் ஒப்படைத்தேன், நீ சொன்னபடி வெட்டக் கூடாது என்றும் சொன்னேன். ஃப்ரீசரில் வைத்தாள். அடுத்த வாரம் இங்கே ஒரு மீட்டிங்குக்கு வந்த, நீ வேலை பார்க்கும் மியூசியத்துத் தாடிக்கார நண்பர் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டு, பெர்மிட் கடிதங்களை எல்லாம் மேஜையில் பரப்பிக் காட்டி, ஐஸ் பெட்டியில் மீனைத் தூக்கிக்கொண்டு போனார். மீன் வெட்டப்படவில்லை. அதை மட்டும்தான் எல்லோரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்த கூத்தை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். இது யாரும் இதுவரை பேர் வைக்காத மீன், அம்மா பேரையே வைக்கப் போறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு உன் அம்மா போனை வைத்துவிட்டு நேராகப் போய்ப் புதுப் புடவை கட்டிக்கொண்டாள், எங்கேயும் போகவில்லை, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பாலிகிளினிக்கில் கதீஜா என்று கூப்பிட்டால் எழுந்து போய், இந்தப் பேரில் ஒரு மீனும் வரப்போகுது சிஸ்டர் என்கிறாள். சிராங்கூன் ரோட்டில் நகைக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். உன் அஸ்மத் மாமிக்குப் பொறுக்கவில்லை, மனிதர் பேரை மீனுக்கு வைக்கலாமா என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் தாராளமா வைக்கலாம், பிறகு பொரிச்சும் சாப்பிடலாம் என்று சிரித்து அனுப்பிவிட்டார். அதோடு விட்டாளா? கிளிமீன் முதலில் பெட்டையாக இருந்து பிறகு ஆணாக மாறும், நிறமும் மாறிவிடும், அந்தக் காலத்தில் புருஷனுக்கு ஒரு பேரும் பெஞ்சாதிக்கு ஒரு பேருமாக வைத்து இரண்டு மீன் என்றே எழுதி வைத்திருந்தார்கள் என்று நீ சொன்னாயே, அதைப் பிடித்துக்கொண்டு, கதீஜா ஆம்பளையா மாறிட்டா என்ன பேரு வைப்பீங்க என்று கேட்டாள். மாறினா மாறட்டும்லா, இந்தக் குடும்பத்துல ஒரு ஆம்பளையாச்சும் உருப்படியா இருக்கட்டும் என்றாள் உன் அம்மா. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். போகும்போது உன் மாமி மெதுவாக என்னிடம், பேரு வைக்காத விலாங்கு ஏதாச்சும் மிச்சம் இருந்தா ஸைஃபுகிட்ட சொல்லுங்கண்ணே என்றாள், அதையும் இதோடு சொல்லிவிட்டேன்.

ஆனால் இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முன்பெல்லாம் நீ மாதத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாய், அம்மா நல்லா இருக்கீங்களா, சரி அத்தாகிட்ட குடுங்க, அவ்வளவுதான். மீன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்தால் உன் போன், அதுவும் அம்மாவுக்கு. மீன் எப்படி இருந்தது, கண் எந்த நிறம், ஃப்ரீசரில் எப்படிப் படுக்க வைத்தீர்கள் என்று நீ கேட்கக் கேட்க அவள் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வாள். மதியமே குளித்துத் தயாராகிவிடுவாள். பல்லை வைத்துத்தான் மீன்களைக் குடும்பம் பிரிப்பார்கள் என்று நீ சொன்னதிலிருந்து கல்யாண வீடுகளில் எல்லோருடைய வாயையும் உற்றுப் பார்க்கிறாள், என் பக்கத்துச் சொந்தங்களை எல்லாம் ஒரே குடும்பத்தில் போட்டுவிட்டாள், என்ன குடும்பம் என்று கேட்டேன், சொல்லவில்லை.

போன சனிக்கிழமை தெம்பனிஸில் உன் தங்கை யும்னா வீட்டில் மதியச் சாப்பாடு. நீ கட்டுரையைத் தமிழில் சொல்லி அனுப்பிய ஒலிப்பதிவை உன் அம்மா எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். உடம்பெங்கும் பொன்மஞ்சள், செதில் ஓரங்களில் அடர்த்தி அதிகம், வாய்க்குள்ளும் மஞ்சள், வேறு எந்தக் கிளிமீனிலும் இல்லாத அடையாளம், பாட்டிலில் ஊற்றிய ஸ்பிரிட்டே மஞ்சளாகிவிட்டது, அவ்வளவு வளமான நிறம் என்று நீ உருகி உருகிச் சொல்கிறாய். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட மஞ்சள் கூடுதல், இடப்பக்கம் சாய்ந்து மணலில் தூங்கும் பழக்கம் இருக்கலாம் என்றும் சொல்கிறாய். யும்னா மாமியார் கேட்டார், அவ்வளவு தூரம் போற மீனை எப்படிக் கெடாம வச்சிருந்தீங்க என்று. உன் அம்மா பெருமையாக, என் வீட்டுக்குள்ள வர்ற மீனு எதுவானாலும் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவாம ஃப்ரீசருக்குள்ள போகாது, இது வெளியூருக்குப் போற மீனு, கவுச்சி அடிச்சா நம்ம மானம் என்ன ஆகுறது, அதான் மஞ்சத் தண்ணியில ஒரு பொழுது ஊறவே வச்சேன், வாயைத் திறந்து உள்ளேயும் தேய்ச்சேன் என்றாள். எனக்குச் சோறு புரையேறிவிட்டது. யும்னா தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்டினாள். எந்தப் பக்கம் கீழே இருந்துச்சு என்று கேட்டேன். இடப்பக்கம் என்றாள், சட்டி சின்னது, புரட்ட முடியலை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வெட்டாதீங்கன்னுதான் சொன்னான், கழுவாதீங்கன்னு சொன்னானா என்றாள். மீனைக் கழுவாமல் வைக்கலாம் என்பது உலகத்தில் ஒருவருக்குத் தோன்றும் என்பதே அவளுக்குப் புரியவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும்தான் அன்றைக்குத் தோன்றவில்லை. பெரிய பெரிய மைக்ராஸ்கோப் வச்சுப் பாக்குறவங்களுக்கு மஞ்சத்தூள் தெரியாமப் போகுமா, நீங்க என் பேருல பொறாமைப்படுறீங்க என்றும் சொல்லிவிட்டாள். சரி, பார்த்துவிடுவோம் என்று மறுநாள் காலையிலேயே தேக்காவுக்குப் போய்ச் சாதாரணக் கிளிமீன் இரண்டு வாங்கினேன், இரண்டையும் வெட்ட வேண்டாம் என்றதும் வடிவேலு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஒன்றை அவள் வழக்கப்படி அதே சட்டியில் அதே மஞ்சளில் ஊற வைத்தாள், இன்னொன்றை நான் அப்படியே பையில் கட்டி வைத்தேன், இரண்டும் ஃப்ரீசருக்குள் போயின. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது அவள் வழக்கம்போலப் பேசினாள், ஆனால் குரலில் உயிரில்லை, நீ கவனித்தாயோ என்னவோ. செவ்வாய்க்கிழமை வெளியே எடுத்துப் பழைய செய்தித்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்று ஐஸில் நிறம் செத்துச் சாம்பலும் பழுப்புமாக, பாவம், யாரும் திரும்பிப் பார்க்காத மீன். மற்றது நீ கட்டுரையில் எழுதிய அதே மீன், மகனே. பொன்மஞ்சள், செதில் ஓரம், வாய்க்குள், இடப்பக்கம் கூடுதல், ஒன்றையும் விடவில்லை. நான் ஜெயித்தவன் மாதிரி பார்த்தியா என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவள், பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரிக்குறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க என்றாள். உடனே உனக்குப் போன் போட்டேன், அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை போன். பிறகு இரண்டு மீனையும் வெட்டிக் குழம்பு வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோது, அப்ப ஞாயித்துக்கிழமை என்கிட்ட பேச அவனுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல என்று கேட்டாள்.

பேர் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அஸ்மத் மாமிக்கு அவளே போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டாள், மாமி சிரிப்பாள் என்று பார்த்தேன், அவள் அழுதுவிட்டாள், அதற்கு இவள் ஆறுதல் சொன்னாள். அந்த வாலில் இருக்கும் பிறைக் கோடு மஞ்சளால் வந்ததில்லை என்பது நிச்சயம், அதை மார்க்கெட்டிலேயே நான் பார்த்தேன், அதை வைத்து ஏதாவது தேறுமா என்று நீ பார்த்துக்கொள், தேறாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் நான் இந்தக் கடிதத்தை இன்றைக்கே முடிப்பதற்குக் காரணம் இன்று காலையில் நடந்தது. நான் எழுந்திருப்பதற்குள் உன் அம்மா தனியாக பஸ் ஏறித் தேக்காவுக்குப் போய் வந்திருக்கிறாள். ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன், எனக்குப் பேர் தெரியாத மீன்கள், புள்ளி போட்டது, கோடு போட்டது, மூக்கு நீண்டது, ஒன்றுக்குக் கண்ணே சரியில்லை, ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில் அடுக்கி இருக்கிறது. எதையும் வெட்டவில்லை. ஸைஃப், எதையும் கழுவவும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் இந்த வீட்டில் ஒரு நெத்திலியைக்கூடக் கழுவாமல் உள்ளே விடாதவள், வீடு முழுக்கக் கவுச்சி அடிக்க, மூக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன இதெல்லாம் என்று கேட்டேன். இதுல ஒண்ணாச்சும் அவன் பார்க்காததா இருக்காதா என்றாள்.

நீ இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டும். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, கேட்டால் இன்னும் வாங்கிவிடுவாள், இப்போதே ஃப்ரீசர் கதவு மூடவில்லை. என்னம்மா சாப்பிட்டீங்க என்று கேள், அதற்கு அவள் பதில் சொல்லி முடிக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

உன் வேலையில் பரக்கத்தும் உடம்பில் ஆரோக்கியமும் தந்து அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருக்க எந்நேரமும் துஆச் செய்கிறோம். அங்கே இப்போது காற்று அதிகம் என்று நியூஸில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு போ. அத்தாகிட்ட குடுங்க என்று மட்டும் இந்த வாரம் சொல்லிவிடாதே, நான் வேண்டுமென்றே வெளியே போயிருப்பேன்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும் அத்தா,
நூருல் அமீன்