வெட்டக் கொடுத்த ராணி

என்னங்க,

நேரில் பேச வாயெடுத்தால் மாத்திரையை நீட்டுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

"ஆபரேஷனே உடம்புக்குப் பெரிய அடி. அதோட டென்ஷனும் சேர்ந்தா எதிர்ப்புச் சக்தி இறங்கிடும். கட்டி ஏதாவது மிச்சமிருந்தா மறுபடி தலைதூக்கலாம்" என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், வீடே ஊமையாகிவிட்டது. மகள் வேலையை விட்டதை எதிர்வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொள்கிறேன். நீங்கள் போடும் காபியைக் கழுநீர் என்று திட்டினால், "ஆமாம்மா, சரிதான்" என்கிறீர்கள். பற்றிக்கொண்டு வருகிறது. இது டென்ஷன் இல்லையா?

நேற்று செஸ்ஸில் ராணியைக் கொண்டுவந்து என் குதிரை வெட்டும் கட்டத்தில் வைத்தீர்கள். கல்யாணமானதிலிருந்து ஒரு சிப்பாயைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன்! வெட்டினேன், ஜெயித்தேன். அடுத்த ஆட்டம் உண்டு என்று நம்புகிறவர் இப்படித் தோற்கமாட்டார்.

சாயங்காலம் பலகையை எடுத்து வையுங்கள். என்னைத் தோற்கடியுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் தோற்றே பழகியவள்