சுவருக்கு மேலே வீசிய தீர்த்தம்

பாசத்துக்குரிய அந்தோணி அண்ணே,

எவனும் நம்பமாட்டாத கதை ஒன்றை, மாதா மேல் ஆணையாகச் சொல்லப்போகிறேன்.

உன் மகன் செல்வம் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனானே, என்னையும் அழைத்துச் சுற்றிக்காட்டினான். நான் இறங்கியதும் விமான நிலையமே எழுந்து வணங்கியது. அதை விடு. அங்கே ஓர் ஆற்றங்கரை ஊர், நம் கீழ்வேளூர்ப் பக்கம் போலவே சேறும் வயலும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அந்த ஆற்றுக்குக் கரை போட்டவர்கள் சீனாக்காரர்கள். மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டதும் அவர்கள்தான். வேலை முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் என்ன சட்டம் போட்டார்கள் தெரியுமா? இனி உங்கள் ஆள் வரக்கூடாது, இருப்பவனுக்குக் குடியுரிமை கிடையாது. சில ஊர்களில் சீனாக்காரர்களின் தெருவையே கொளுத்தினார்கள். செத்தபிறகாவது விட்டார்களா? நான் பார்த்த ஊரில் அவர்களைக் கல்லறை வேலிக்கு வெளியே புதைத்தார்கள்.

நான் போட்ட சத்தத்தில் பசிபிக் கடல் உள்வாங்கியது. "செத்தவனுக்கு எதுக்குடா வேலி? எந்திரிச்சு ஓடிருவானா?"

செல்வம் என்னை முறைத்தான். "இங்க வேலியப் பிடுங்கிட்டாங்க சித்தப்பா. எங்கப்பா எங்க படுத்திருக்காரு?"

நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கு ஒரு பக்கம், நடுவே சுவர், அண்ணே.

கல்லறைத் திருநாளுக்கு நம் ஃபாதர் என்ன செய்வார்? அந்தப் பக்கத்துச் சாதிக்காரர்களின் கல்லறைகளை ஒவ்வொன்றாக மந்திரிப்பார். நம்மாட்கள் பக்கத்துக்கு, நடுச்சுவருக்கு மேலே தீர்த்தத்தை வீசுவார். பாதி சுவரிலேயே விழும். மோட்சம் பாசிக்குத்தான்.

ஊர் திரும்பியதும், கோவில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைத் தலைவரிடம் போனேன்.

"அமெரிக்கா போன திமிரா சூசை? ஆடு மாடு வராம இருக்கக் கட்டின சுவருப்பா அது."

"எந்தப் பக்கம் படுத்திருக்கிறது ஆடு, ஐயா?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மனிதர்களா இவர்கள்? ஒரே கோவில், பூசையில் நாக்கில் வாங்குவது ஒரே நன்மை அப்பம், செத்தால் மட்டும் நடுவே செங்கல்லா?

திருநாளன்று கோபத்தில் ஒரு மூச்சு விட்டேன். சுவர் பறந்துபோய்ப் பூம்புகார்க் கடலில் விழுந்தது. ஃபாதர் வீசக் கையை ஓங்கியபோது தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு நம் பக்கம் ஓடிவந்தேன். "வாளி இங்க இருக்கு, நீங்களும் வாங்க சாமி!" அங்கியை உயர்த்திப் பிடித்தபடி அவர் சுற்றிக்கொண்டு வந்தார். உன் தலைமாட்டில் நின்று மந்திரித்தார்.

செல்வம் லீவில் வருகிறான். அடுத்த திருநாளுக்குள் இடித்துவிடுவோம், இது என் வாக்கு. எதை இடிப்பது என்கிறாயா? சுவர் பறக்கவில்லை, அண்ணே. கடலும் உள்வாங்கவில்லை. வாளியைத் தூக்கியது மட்டும் நிஜம்.

உன் பக்கத்திலேயே படுக்கப்போகிற
தம்பி சூசை