கேட்டின் மேல் முளை

1976 பிப்ரவரி 6

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்கச் சும்மாவே கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் யூரியா மூட்டைப் படம். மண்ணில் ஈரமே இல்லாத வருஷத்தில் யூரியாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட எழுதினாலாவது பொழுது போகும்.

இன்று காலை பவுண்டில் இரண்டு மாடுகள் கூடுதலாக நிற்கின்றன. நேற்று மாலை நான்தான் பூட்டினேன். பூட்டு பூட்டியபடியே இருக்கிறது.

அடுத்தவன் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பதற்கென்று கட்டிய பவுண்டு இது. அதற்குக் காவல் நான். மேய ஒரு பயிர்கூட இல்லாத இந்த வருஷம் பார்த்து அது நிரம்பி வழிகிறது. சொந்தக்காரர்களே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். வீட்டில் கட்டி வைத்தால் கண்ணெதிரே சாகும், இங்கே விட்டால் சர்க்கார் தீனி போடும் என்று நினைப்பு. சர்க்கார் என்றால் யார்? இந்த அல்போன்ஸ்தான்.

கேட்டைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. கல்தூணில் இரண்டு இரும்பு முளைகள் பதித்திருக்கிறார்கள். இரண்டும் மேல் பார்த்து நிற்கின்றன. கேட்டில் உள்ள வளையங்கள் அந்த முளைகளில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அடியில் ஒரு கம்பைக் கொடுத்து நெம்பினால் கேட் மொத்தமும் எழும்பி வந்துவிடும். பூட்டு அது பாட்டுக்கு மறுபக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். மேல் முளையை மட்டும் தலைகீழாகப் பதித்திருந்தால் கேட் எழும்பாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜோடி எருது இந்த வழியாகத்தான் களவு போனது. அப்போதே மேல் முளையைத் திருப்பிப் பதித்துத் தரச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். ஞாபகப்படுத்தி மறுபடியும் எழுதினேன். பதில் இல்லை.

அன்று எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று வைத்துவிட்டுப் போகிறார்கள். யாரைப் போய்த் திட்டுவது?

1976 மார்ச் 3

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து நேராக இங்கே வந்தேன். நமக்கு இன்றைக்குத் தவக்காலம் ஆரம்பம். ஈஸ்டர் வந்தால் முடிந்துவிடும். இதுகளுக்கு எப்போது முடியும்?

வைக்கோல் வரவில்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். கிளார்க் பச்சியப்பன் அனுமதி வரவேண்டும் என்கிறார். மாடு அனுமதி கேட்டுக்கொண்டா பசிக்கிறது என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

1976 மார்ச் 11

சந்தை நாள். வத்தல்மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புளியந்தழை ஒரு கட்டோடு வந்து கேட் ஓரமாக நின்றாள். பேர் சென்னம்மாள். சந்தைக்கு வந்தாளாம், மாடுகளைப் பார்த்துப் பாவமாக இருந்ததாம். புருஷன் சென்றாயன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்று, நான் கேட்காமலே சொன்னாள்.

அவள் தலை தெரிந்ததுமே மூலையில் படுத்திருந்த செவலைப் பசு எழுந்துவிட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளது. அது எழுந்தே நாலு நாள் இருக்கும். நேராக வந்து கம்பிக்குள் மூக்கை நீட்டிக் கத்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “சும்மா இரு” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “யார் வூட்டு மாடோ, பாவமுங்க” என்றாள்.

நானும் பாவம்தான் என்றேன். தழையைச் செவலைக்கு மட்டும் ஊட்டிவிட்டுப் போனாள்.

தன் மாடு என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் இத்தனை நாள் தீனிக்கும் அபராதத்துக்கும் பதில் சொல்லவேண்டும். அவளால் முடியாது. அதனால் அது யார் மாடோ. எனக்கும் தெரியாது.

1976 ஏப்ரல் 9

பவுண்டுக் கொட்டகைக் கூரையைப் பிரித்துப் போட்டேன். எத்தனை வருஷத்துப் பழைய வைக்கோலோ, கையில் எடுத்தாலே தூளாகிறது. தின்றன. இனி வெயிலுக்கு ஒதுங்க இடமில்லை. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைப் பிடுங்கவேண்டியிருக்கிறது.

1976 ஏப்ரல் 12

ஒன்று செத்தது. இழுத்துப்போக வண்டி கிடைக்கவில்லை.

1976 ஏப்ரல் 20

ஈஸ்டர் பாஸ்கா முடிந்தது. வீட்டில் கறி இல்லை. சோறு வடித்த கஞ்சியை நான் மாடுகளுக்கு எடுத்துப் போவதை ஞானமேரி பார்த்துவிட்டாள். திட்டவில்லை. “புள்ளைங்க குடிச்சது போக மிச்சத்த எடுத்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் கிணறும் வற்றிவிட்டது. காட்டில் விதைத்தது ஒன்றும் இல்லை. இந்தச் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்குள் வருகிறது.

1976 மே 13

சென்னம்மாள் சந்தை தவறாமல் வருகிறாள். இன்று கொண்டுவந்தது ஒரு பிடி ஆல இலை. அதற்கு மேல் மலையிலும் இல்லையாம்.

போகும்போது தயங்கி நின்று, மழை பெய்தால் இந்த மாடுகளையெல்லாம் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். கேட்காமல் கேட்கிறாள். எனக்கு மனசு தாங்கவில்லை. “வந்த வழி அதுக்குத் தெரியும்மா. மழை பெஞ்சா அந்த வழியிலயே போயிரும். நான் காலைல வந்து, அய்யோ யாரோ கழட்டிட்டாங்களேன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்லிருவேன்” என்றேன்.

முதல் தடவையாகச் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை.

நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் இந்த வருஷத்தில். சொல்லப்போனால் செய்யவும் இல்லை, வாயால் சொன்னதுதான். பாழாய்ப்போன அந்த இரண்டு முளைகளுக்கு நன்றி.

1976 ஜூன் 22

கொல்லன் மாயவன் வந்தான். ஈயக்கட்டி, துருத்தி, உளி எல்லாம் எடுத்துக்கொண்டு. எதற்கு என்றேன். மேல் முளையைத் திருப்பிப் பதிக்க ஆபீஸ் உத்தரவாம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். இப்போது கேட் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தச் செலவுக்குத் தீனி வாங்கிக் கொடுங்கள் என்றேன். பச்சியப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “யோவ், ரெண்டு வருசமா நீதானேய்யா எழுதி எழுதி உசுர வாங்கின? கவர்னர் ஆட்சி வந்ததுலேர்ந்து பழைய பேப்பர் ஒண்ணு மேசைல இருக்கக் கூடாது. தெரியும்ல?” என்றார். தீனி வேறு கணக்காம், கேட் வேறு கணக்காம். என் கோரிக்கையைத்தான் நிறைவேற்றுகிறார்கள். வேண்டாம் என்று நான் என்ன காரணம் சொல்வது? கேட்டைக் கழற்ற வசதியாக இருக்கட்டும் என்றா?

திரும்பி வந்தேன். மாயவன் பழைய முளையைப் பெயர்த்துவிட்டான். கேட்டைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை, கொஞ்சம் பிடியுங்கள் என்றான். பிடித்தேன். முளையைக் கீழ் பார்க்க வளையத்துக்குள் விட்டு, குழியில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினான். உஸ்ஸென்று புகை வந்தது. ஆறியதும் கம்பைக் கொடுத்து நெம்பிக் காட்டினான். ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. “இனிமே யானை வந்தாலும் முடியாதுங்க” என்றான். நல்ல வேலைக்காரன். அவன் மேல் என்ன தப்பு?

இனி அந்தக் கேட் திறந்தால் சாவியால்தான் திறக்கும். சாவி என்னிடம்தான் இருக்கிறது. யாரோ கழற்றிவிட்டார்கள் என்று இனிமேல் சொல்லவே முடியாது.

1976 ஜூன் 24

சந்தை நாள். சென்னம்மாள் வந்தாள். முளையை அவள் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம்.

1976 ஜூலை 10

உள்ளே விட முடியாததால் இப்போது மாட்டை வெளியே வேலிக்கல்லில் கட்டிவிட்டுப் போகிறார்கள். காலையில் நானே அவிழ்த்து உள்ளே விடுகிறேன். இதற்குத்தான் இத்தனை ஈயம்.

1976 ஜூலை 29

இன்றும் சொல்லவில்லை.

1976 ஆகஸ்ட் 27

மழை. மத்தியானம் பிடித்தது, இருட்டியும் விடவில்லை. மாடுகள் கொட்டகைக்குள் போகவில்லை (கூரை இருந்தால்தானே). எல்லாம் நனைந்தபடி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ஞானமேரி அண்டா குண்டா எல்லாவற்றையும் வாசலில் வைத்தாள். வெகுநாள் கழித்து எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகைதான்.

1976 செப்டம்பர் 18

ஊரே பச்சை பிடித்துவிட்டது. இன்று தண்டோராப் போட்டார்கள். உரியவர் வந்து மீட்காத மாடுகளை அடுத்த சனிக்கிழமை ஏலம் விடப்போகிறார்களாம்.

பஞ்சத்தில் ஏன் ஏலம் விடவில்லை? எடுக்க ஆள் இல்லை. இப்போது புல் முளைத்ததும் மாட்டுக்கு விலை வந்துவிட்டது. மழை வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று எல்லாரும் காத்திருந்தோம். அந்த மழையே ஏலத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?

மாயவனிடம் போனேன். முளையை மறுபடி பழையபடி வைக்க முடியுமா என்றேன். ஈயம் கல்லோடு பிடித்துவிட்டது, தூணை உடைத்தால்தான் உண்டு என்றான். உடைத்தால் அது தெரியாமலா போகும்?

1976 செப்டம்பர் 23

சென்னம்மாள் மதியம் வந்தாள். மலையில் விதைப்பு வேலையாம், மழைக்கு அப்புறம் இன்றுதான் சந்தைக்கு இறங்கியிருக்கிறாள். தோளில் புதுக்கயிறு. கையில் கம்பு. பவுண்டின் அருகில் யாரும் இல்லை, நான் எதிரில் வேப்பமரத்தடியில் இருந்தேன். என்னைப் பார்த்து, சொன்னபடி கண்டுகொள்ளாமல் இருங்கள் என்பது போலத் தலையை ஆட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கம்பைக் கேட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். எழும்பவில்லை. மறுபடியும் நெம்பினாள். உள்ளே செவலை கத்திக்கொண்டு நிற்கிறது. அவள் குனிந்து கீழ் முளையைப் பார்த்தாள். நிமிர்ந்து மேல் முளையைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனேன்.

“இத யாருங்க திருப்பி வெச்சது?”

“ஆபீஸ்ல” என்றேன். பொய் இல்லை. ஆனால் பொய்தான்.

“சாவி உங்ககிட்டதானுங்களே இருக்கு.”

“இருக்கு.”

சனிக்கிழமை ஏலம் என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள். கடத்தூரில் தங்கச்சி வீட்டில் இன்று தங்கிவிட்டு, விடிந்ததும் மலை ஏறப்போவதாகச் சொன்னாள். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவள் கண்ணில் மறையும் வரை செவலை கத்தியது.

வீட்டில் சொன்னேன். ஞானமேரி ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “நம்ம வூட்டு அரிசி அந்தச் சாவிலதாங்க வருது” என்றாள். தெரியாமலா இருக்கிறேன்?

மாலை பூட்டப் போனேன். பூட்டை மாட்டினேன். அமுக்கவில்லை. சும்மா தொங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்நேரம் கடத்தூரில்தான் இருக்கிறாள். நடந்து வருகிற தூரம்தான். அவளுக்கு மனசு கேட்காது. இன்னொரு தடவை வந்து கேட்டைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டாலே தெரிந்துவிடும்.

போய்ச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நான் திறந்துவிட்டதாக ஆகிவிடும். சொல்லாவிட்டால், மறந்துபோய்ப் பூட்டாமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறதிக்கு யாரும் வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள், திட்டுவதோடு விடுவார்கள். அவள் வருவாள். மாதாவே, அவள் வரட்டும்.

1976 செப்டம்பர் 24

விடியும் முன்னே போனேன். பூட்டு நான் விட்டபடியே தொங்குகிறது. கேட் சாத்தியபடியே இருக்கிறது. செவலை கேட்டுக்குப் பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வந்து நெம்பிப் பார்த்து, முடியாது என்று கண்ணால் கண்டுவிட்டுப் போனவள். எதை நம்பி மறுபடி வருவாள்? இது எனக்கு நேற்றே தெரிந்திருக்க வேண்டாமா?

பச்சியப்பனும் ஆட்களும் ஏலத்துக்கு முன்னால் மாடுகளைப் பார்வையிட வந்துவிட்டார்கள். அவர்கள் வருவதற்குள் பூட்டை அமுக்கிவிட்டேன். டக்கென்று அமுங்கியது.

1976 செப்டம்பர் 25

ஏலம். ஒரே யாவாரி மொத்தத்தையும் எடுத்தான். சாவியைப் போட்டு நான்தான் திறந்தேன். கேட் அருமையாகத் திறந்தது. சத்தம்கூட இல்லை.

செவலை லாரியில் ஏற மறுத்தது. வாலை முறுக்கி ஏற்றினார்கள். லாரி மேற்கே, கேரளாவுக்குப் போனது.

1976 செப்டம்பர் 30

சந்தை நாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். தலையில் ஒரு கட்டு பசும்புல், ஈரம் சொட்டச் சொட்ட.

பவுண்டுக்குள் பார்த்தாள். கட்டை இறக்கி வைத்தாள். “எலும்புந்தோலுமா நிக்கறத யாரு கேக்கப் போறாங்க, நின்னுட்டிருக்கும்னு நெனச்சுட்டேனுங்க” என்றாள்.

என்னால் அடக்க முடியவில்லை. அந்த வியாழக்கிழமை ராத்திரி பூட்டை அமுக்காமல்தான் வைத்திருந்தேன், நீ வருவாய் என்று விடியும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முளையைத் திருப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான்தான் என்பதையும்.

அவள் கேட்டில் கை வைத்துத் தள்ளினாள். பூட்டவில்லை, உள்ளே பூட்டி வைக்க ஒன்றும் இல்லை. அது முழுசாகத் திறந்து மறுபக்கம் போய் நின்றது.

“சொல்லியிருக்கலாமுங்க” என்றாள்.

கோபம் இல்லை.

புல்லை அங்கேயே விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் கம்பங்காட்டில் மேய்ந்ததென்று ஓர் எருமைக் கன்றைப் பிடித்து வந்து அடைத்தார்கள். அது தின்றது.